இடுப்பு மூட்டில் ஏ.வி.என்: ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும் முன்

தொடையிடுக்கில் வலி, சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை, சில சமயம் முட்டியிலும் குத்துகிறது என்றால் முட்டிக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு நிற்காதீர்கள். பெரம்பூரில் இருக்கும் என் மச்சானுக்கு மூன்று மாதம் முட்டிக்குத்தான் தைலமும் மாத்திரையும் போனது. கடைசியில் பார்த்தால் கோளாறு இடுப்பில்: தொடை எலும்பின் பந்து மாதிரி இருக்கும் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துக்கொண்டிருந்தது. இதைத்தான் அவாஸ்குலர் நெக்ரோசிஸ், சுருக்கமாக ஏ.வி.என் என்கிறார்கள். ஸ்டீராய்டு, குடி, இடுப்பில் பட்ட பழைய அடி, இவைதான் முக்கியக் காரணங்கள். பக்கத்தில் வீட்டுக்காரம்மா இருந்தாலும் சரி, குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ எடுங்கள், இரண்டு இடுப்பையும் சேர்த்தே எடுக்கச் சொல்லுங்கள்; வலியே இல்லாத பக்கத்திலும் பல பேருக்கு இது இருக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எலும்புத் தலை அமுங்கிவிட்டதா, இல்லையா?" மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அமுங்கவில்லை என்றால் கோர் டிகம்ப்ரஷன் செய்யலாம். தொடையின் வெளிப்பக்கம் சின்னதாகக் கீறி, எலும்பில் துளை போட்டு செத்த பகுதி வரை போய், உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைப்பார்கள், புது ரத்தக் குழாய் வளரட்டும் என்று. சில சமயம் அந்த இடத்தில் எலும்புத் துண்டோ, நம் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்த மஜ்ஜையோ வைப்பார்கள். செத்த பகுதி பெரிதாக இருந்தால் பலன் குறைவு, அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான்: வலி போய்விட்டதே என்று ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். துளை போட்ட எலும்பு ஆறும் வரை பலவீனமாக இருக்கும், முழு எடையையும் போட்டால் முறியக்கூட வாய்ப்புண்டு. பொதுவாக 6 வாரம் போலச் சொல்வார்கள். மச்சான் நாலாவது வாரமே ஊன்றுகோல் இல்லாமல் டீக்கடைக்குக் கிளம்பினார், அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தடுத்தாள்.

தலை அமுங்கி, மூட்டும் தேய்ந்துவிட்டால் துளை போட்டுப் பயனில்லை, மூட்டு மாற்றுதான். பெரும்பாலும் மறுநாளே வாக்கரில் நடக்க வைத்துவிடுவார்கள். வயது 30, 40 என்றால் செயற்கை மூட்டும் ஒருநாள் தேயும், பிறகு மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, பந்து உலோகமா, செராமிக்கா, அது உட்காரும் கிண்ணத்தின் உள்பக்கம் செராமிக்கா, பாலிஎத்திலீனா (ஒருவகை பிளாஸ்டிக்) என்று கேளுங்கள்.

சொத்தைப் பல், ஆறாத புண், ஏறிய சர்க்கரை எதுவானாலும் ஆபரேஷனுக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள், கிருமித்தொற்று மூட்டுக்குப் போனால் பெரும் தொல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பணத்துக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் விசாரியுங்கள். சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜி.எச்.சிலும் எலும்புப் பிரிவு உண்டு.

மூட்டு மாற்றினால் வீட்டையும் தயார் செய்ய வேண்டும். இந்தியன் டாய்லெட் என்றால் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி வையுங்கள். மோடா, தாழ்வான சோபா, ஷேர் ஆட்டோவின் பின் சீட், எதிலும் கொஞ்ச நாள் உட்காராதீர்கள். இடுப்பு அதிகம் மடங்கினால் மூட்டு நழுவலாம். டிஸ்சார்ஜ் அன்று கார் கிடைத்தால் முன்சீட்டைப் பின்னால் தள்ளி, அதன்மேல் தலையணை ஒன்று போட்டு உட்கார வையுங்கள்.