டாங்கோவில் துணையோடு சேர்ந்து நடப்பது எப்படி

புதுச்சேரியில் டாங்கோ பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை ஸ்டெப்?" என்றுதான். ஸ்டெப்புக்குக் கணக்கில்லை. அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸிலும் உருகுவேயின் மான்டெவிடியோவிலும் வளர்ந்த இந்த ஆட்டத்தில் முன்கூட்டி எழுதிவைத்த வரிசை எதுவும் கிடையாது. ஒருவர் நடைக்கு வழி சொல்கிறார், மற்றவர் அதை உடம்பால் கேட்டு நடக்கிறார். சொல்வதும் கேட்பதும் நெஞ்சு வழியாக நடக்கிறது. அந்த வழி திறக்காமல் ஐம்பது உருப்படி கற்றாலும், இரண்டு பேர் பக்கத்தில் நின்று தனித்தனியாக ஆடுவது போலத்தான் இருக்கும்.

மேடையில் காலை வீசி ஆடும் டாங்கோ வேறு. இங்கே சொல்வது மிலோங்காவில், அதாவது தெரிந்தவரும் தெரியாதவரும் கூடி ஆடுகிற மாலையில், ஆடும் டாங்கோ. லீட் என்றால் வழி சொல்கிறவர், ஃபாலோ என்றால் கேட்டு நடக்கிறவர். ஆணா பெண்ணா என்பது இதில் இல்லை. பழைய புவனோஸ் ஐரிஸில் ஆண்கள் ஆண்களோடு பழகிவிட்டுத்தான் மிலோங்காவுக்குப் போனார்கள். இங்கேயும் முதல் நாளிலிருந்தே எல்லோரும் இரண்டு பக்கமும் பழகுவது நல்லது.

எடையிலிருந்து தொடங்குங்கள்

எதிரெதிரே ஒரு முழ இடைவெளியில் நின்று, ஒருவர் புஜத்தில் மற்றவர் உள்ளங்கையை லேசாக வையுங்கள். ஃபாலோ கண்ணை மூடிக்கொள்ளட்டும். லீட் தன் முழு எடையையும் இடது காலுக்குக் கொண்டுபோகிறார். ஃபாலோவின் எடை அவரது வலது காலுக்கு வர வேண்டும். முதலில் நான்கு தாளத்துக்கு ஒருமுறை, பிறகு இரண்டுக்கு, பிறகு ஒன்றுக்கு. நடுவில் சொல்லாமல் நிறுத்துங்கள். நிறுத்திய கணத்தில் ஃபாலோ எடையில்லாத காலைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கிப் பார்க்கட்டும். தூக்க முடிந்தால் எடை சரியாகப் போயிருக்கிறது. தூக்கும்போது உடம்பு தடுமாறினால் எடை இரண்டு காலிலும் பாதிப் பாதியாக நிற்கிறது. டாங்கோவில் கால் மிதிபடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

லீட் செய்யும் வழக்கமான தவறு, தராசுத் தட்டு போலத் தோளை மட்டும் சாய்ப்பது. தோள் சாயும், எடை அசையாது, எதிரில் இருப்பவருக்குக் குழப்பம் மட்டும் போய்ச் சேரும். தலை முதல் பாதம் வரை மொத்தமாக நகருங்கள். ஃபாலோ செய்யும் தவறு, தாளத்தைப் பிடித்துக்கொண்டு தானாக மாறுவது. அதற்கு மருந்து லீட் கையில் இருக்கிறது: எதிர்பாராத இடத்தில் மூன்று நான்கு தாளம் சும்மா நில்லுங்கள். ஒரு பாட்டு சுமார் 3 நிமிடம். இரண்டு பாட்டு முழுக்க இதை மட்டும் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும், ஆனாலும் விடாதீர்கள். பல வருடம் ஆடியவர்களும் துணை மாறும்போது முதல் சில நொடி எடை மாற்றித்தான் ஆரம்பிக்கிறார்கள்.

அணைப்பு

அப்ராசோ என்றால் அணைப்பு. அவசரமாகப் போய் ஒட்டிக்கொள்வது அணைப்பாகாது. லீட் இடது கையை நீட்டிக் காத்திருக்கிறார். உயரம் குறைந்தவரின் தோளுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரம் போதும். ஃபாலோ தன் வலது கையை அதில் வைக்கிறார், பிறகு எவ்வளவு நெருக்கம் என்பதைத் தானே முடிவு செய்து வந்து நிற்கிறார். அதற்குப் பிறகுதான் லீட்டின் வலது கை அவர் முதுகைச் சுற்றுகிறது. தோள்பட்டை எலும்புக்குக் கீழே, விலா முடிவதற்கு மேலே. அதற்குக் கீழே கை இறங்கக் கூடாது. நெருக்கம் போதும் என்று ஃபாலோ ஓரடி தள்ளி நின்றால் அந்த ஓரடியில் ஆடுங்கள். இழுக்காதீர்கள்.

நெருங்கி ஆடும்போது தொடுவது நெஞ்சும் விலாவின் மேற்பகுதியும் மட்டும். வயிற்றுக்கும் கால்களுக்கும் இடையே இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் காலைப் பின்னால் நீட்ட வழி இருக்காது. பழுத்த பப்பாளியைத் தூக்கிப்போகும்போது கை கொடுக்கிற அழுத்தம் போதும். நசுக்கவும் கூடாது, நழுவவும் கூடாது.

பிடித்திருக்கும் கைகளை அடிபம்பு போல மேலும் கீழும் ஆட்டுவது புதியவர் எல்லோரிடமும் வரும். நெஞ்சு சொல்லாததைக் கை சொல்லப் பார்க்கிறது. இதைத் திருத்த, அந்தக் கையைக் கீழே விட்டுவிட்டு ஒரு பாட்டு ஆடுங்கள். இன்னொன்று, மூச்சைப் பிடித்துக்கொள்வது. மூச்சு நின்றால் விலா இறுகும், நெஞ்சு வழியாக வரும் சேதி அங்கேயே நின்றுவிடும். பாட்டு தொடங்கியதும் உடனே நகராமல் ஒருமுறை மூச்சை வெளியே விடுங்கள். துணையின் மூச்சும் கேட்கும்.

நடக்கும்போது லீட்டின் நெஞ்சு முதலில், கால் அடுத்து. நெஞ்சு முன்னே சாய்ந்து சொல்கிறது, ஃபாலோ இடுப்பிலிருந்து காலைப் பின்னால் நீட்டுகிறார், அந்த இடம் காலியான பிறகு லீட்டின் கால் அங்கே வருகிறது. காலை முதலில் வைத்தால் மிதி நிச்சயம். கார்லோஸ் டி சார்லியின் இசைக்குழு வாசித்த பாட்டுகள் இதற்குப் பொருத்தம், தாளம் தெளிவாகவும் நிதானமாகவும் போகும்.

ஆடுவதற்கு முன் உடம்பில் பார்க்க வேண்டியவை

சட்டைப் பையில் பேனாவோ செல்போனோ இருந்தால் அது துணையின் நெஞ்சில் குத்தும். சாவிக்கொத்தும் அப்படியே. கண்ணாடி வளையல் உடையும், கொலுசு பேன்ட் விளிம்பில் மாட்டும், தாலிச் செயினின் டாலர் இருவர் நெஞ்சுக்கும் நடுவே அழுந்தும். டாலரை உள்ளே தள்ளிவிட்டு மேலே ஒரு துணி வரும்படி உடுத்திக்கொள்ளுங்கள். மல்லிகைப் பூ வைத்துக்கொள்ளலாம், பின்னந்தலையில் தாழ்வாக. காதோரம் வைத்தால் துணையின் முகத்தில் கசங்கும்.

வியர்வையைப் பற்றி வெட்கப்பட வேண்டாம், இது கடலோர ஊர். இரண்டு மாற்றுச் சட்டை, ஒரு துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுவாருங்கள். சட்டை நனைந்ததும் மாற்றுங்கள், காய்ந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். வாசனைத் திரவியத்தை அள்ளி அடிப்பதைவிடக் குளித்துவிட்டு வருவதே துணைக்கு மரியாதை.

செருப்பும் தரையும் சேர்ந்துதான் முழங்காலைக் காக்கும். ரப்பர் அடிப்பாகம் மொசைக் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, இடையில் இருக்கிற முழங்கால் முறுக்கிக்கொள்ளும். வாங்கவிருக்கும் காலணியைப் போட்டு ஒற்றைக் காலில் நின்று கால்வாசி திரும்பிப் பாருங்கள். பாதம் உடம்போடு வர வேண்டும். வராவிட்டால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, கான்வாஸ் ஷூவின் அடியில் சொரசொரப்புப் பக்கம் வெளியே தெரியும்படி மெல்லிய தோல் ஒட்டித் தரச் சொல்லுங்கள். அதுவரை பழைய காலுறையை ஷூவுக்கு மேலே போட்டும் ஆடலாம். ரெட் ஆக்சைடு தரையும் ஆத்தங்குடிக் கல்லும் தோலுக்கு அதிகமாக வழுக்கும், அங்கே அடி சின்னதாக இருக்கட்டும். தரையில் பவுடர் தூவாதீர்கள். ஓரிடம் வழுக்கும், அடுத்த இடம் பிடிக்கும், விழுவது அப்படித்தான். கடற்கரைப் பக்கம் மொட்டை மாடியில் ஆடுவதானால் மணலைப் பெருக்கிவிட்டுத் தொடங்குங்கள். இருட்டிய பிறகு உப்புக் காற்றில் தரை பிசுபிசுக்கும், சுழற்சியைக் குறைத்து நடையைக் கூட்டுங்கள்.

கண்ணால் அழைப்பது

மிலோங்காவில் யாரும் நேரே போய்க் கையை நீட்டுவதில்லை. பார்வைக்கு மிராடா, தலையசைப்புக்கு கபெசெயோ என்று பெயர். ஆட விரும்புகிறவரைத் தூரத்திலிருந்து பார்க்கிறீர்கள். அவரும் பார்வையை நிறுத்தினால் தலையசைக்கிறீர்கள், அவர் பதிலுக்கு அசைக்கிறார். விருப்பமில்லாதவர் வேறு பக்கம் பார்ப்பார். யாரும் வாய்விட்டு மறுக்கவில்லை, யார் முகமும் வாடவில்லை. பெண்களுக்கு இந்த முறை பெரிய காவல். இதை விடவே கூடாது.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. 'சரி' என்பதற்கு நாம் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவோம். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு அது 'வேண்டாம்' என்று படும். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நமக்கு மனத்தாங்கல். எனவே கண்ணை விலக்காமல் மேலிருந்து கீழாக ஒரே ஒரு அசைப்பு. சம்மதம் கிடைத்ததும் லீட் எழுந்து வருகிறார், ஃபாலோ அவர் எதிரே வந்து நிற்கும்வரை நாற்காலியிலேயே பார்வையை விடாமல் இருக்கிறார். முன்னாலேயே எழுந்தால், பின்வரிசையில் இருப்பவருக்கு வந்த அழைப்பை நீங்கள் எடுத்துக்கொண்டதாக ஆகிவிடலாம். இதெல்லாம் நடக்க முகம் தெரிகிற அளவு வெளிச்சம் வேண்டும். விளக்கை அணைத்து மெழுகுவர்த்தி வைப்பது அழகாக இருக்கும், அழைப்பு போய்ச் சேராது.

பாட்டுகள் தாண்டா என்ற தொகுப்பாக வரும். டாங்கோ என்றால் பெரும்பாலும் 4 பாட்டு, வால்ஸ் என்றால் 3, மிலோங்கா தாளம் (மாலைக்கும் இந்தத் தாளத்துக்கும் ஒரே பெயர்) என்றால் 3. ஒரு தாண்டாவில் ஒரே இசைக்குழு இருக்க வேண்டும். டாரியென்சோ இசைக்குழுவின் துள்ளலுக்கு ஒருவரோடும் புக்லியேசே இசைக்குழுவின் கனத்துக்கு வேறொருவரோடும் ஆட மனம் விரும்பும், கலந்து போட்டால் அந்தத் தேர்வு பாழாகும். தொகுப்புக்கு இடையே கோர்டினா என்று ஆடமுடியாத துணுக்கு ஒன்று ஒலிக்கும், எல்லோரும் இருக்கைக்குத் திரும்பும் நேரம் அது. நடுவில் "தேங்க்ஸ்" சொல்லாதீர்கள். பாட்டுக்குப் பாட்டு நன்றி சொல்வது நமக்குப் பழக்கம், ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்கு 'இத்தோடு போதும்' என்று பொருள். தாண்டா முடிந்ததும் சொல்லுங்கள், துணையை அவர் நாற்காலிவரை கொண்டுவிடுங்கள்.

தரையில் எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறார்கள். கோயிலை வலம் வருவதற்கு நேர் எதிர் என்று நினைவில் வைத்தால் மறக்காது. இந்த ஓட்டம்தான் ரோண்டா. முன்னால் இருப்பவரை முந்தக் கூடாது, லீட் ஓட்டத்துக்கு எதிராகப் பின்னால் அடி வைக்கக் கூடாது, நடுவில் புகும்போது வருகிற லீட்டின் கண்ணைப் பார்த்துச் சம்மதம் வாங்க வேண்டும். 20 அடிக்கு 30 அடி காலித் தரையில், சுவரிலிருந்து 3 அடி தள்ளிச் சுற்றினால் ஒரு சுற்று 76 அடி. ஜோடிக்கு 6 அடி வைத்தால் 12 ஜோடி. அதற்கு மேல் வந்தால் அடியைச் சுருக்குங்கள், காலைத் தரையை விட்டுத் தூக்காதீர்கள்.

குழு நிலைக்க

பிராக்டிகா என்ற பயிற்சிக் கூடலை வாரா வாரம் ஒரே கிழமை, ஒரே நேரம் நடத்துங்கள். ஆறு பேர் வந்தாலும் நடத்துங்கள். இரண்டு பாட்டுக்கு ஒருமுறை துணையை மாற்றச் சொல்லுங்கள். சேர்ந்து வந்த தம்பதியும் மாறட்டும், விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஊருக்கு வருகிறவர்களால் கூடம் நிறையும், மே மாதம் காலியாகும். வந்துபோகிறவர்களுக்காகப் புதிய உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்துவிட்டால் மேயில் குழுவே இருக்காது.

மிலோங்காவில் தரைமீது பாடம் எடுக்காதீர்கள். பிராக்டிகாவில் எடுக்கலாம், அதுவும் கேட்டால். குறை சொல்ல வேண்டியிருந்தால் அவருடைய தவறை விட்டுவிட்டு உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள். "நீங்க கையைத் தப்பா வைக்கிறீங்க" என்பதற்குப் பதில், "அக்கா, என் வலது தோள்ல பாரமா இருக்கு, கையைக் கொஞ்சம் லேசா வைக்கிறீங்களா?" என்று கேட்டால் அவரும் உடனே மாற்றுவார், மனமும் நோகாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் செல்போன். அணைத்து ஆடும் இருவரின் படம் வாட்ஸ்ஆப்பில் ஒருமுறை போனால் சித்தப்பா வீடுவரை போகும், அந்தப் பெண் மறு வாரம் வரமாட்டார். படத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் சரி என்று சொல்லாமல் எதையும் பகிரக் கூடாது என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டுங்கள். வீட்டார் வந்து பார்க்க விரும்பினால் வரட்டும், கதவு திறந்தே இருக்கட்டும். 2009-ல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபாக ஏற்ற கலை என்று சொல்வதைவிட, உட்காரவைத்து ஒரு தாண்டா பார்க்கவிடுவது அவர்களைச் சமாதானப்படுத்தும். யாராவது எல்லை மீறினால் யாரிடம் சொல்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரை நியமியுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். புகார் வந்தால் அன்றைக்கே பேசுங்கள். நன்றாக ஆடுகிறவர் என்பதற்காக ஒருவரைப் பொறுத்துப்போனால் நாலு பேர் சத்தமில்லாமல் நின்றுவிடுவார்கள்.

கூடத்தின் வாடகையை வாசலில் உண்டியல் வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள், மாணவர்களுக்குப் பாதி. புதிதாக வருகிறவரை நடத்துபவரே மூன்று பேரிடமாவது அறிமுகப்படுத்தி, அவர்களில் ஒருவர் முதல் தாண்டா ஆடும்படி பார்த்துக்கொள்ளட்டும். மரபுப்படி மாலையின் கடைசிப் பாட்டு லா கும்பர்சீத்தா. அது ஒலித்தால் இனி வேறு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். கடலூரிலிருந்து வருகிறவர்கள் இருந்தால் அதை 9 மணிக்கே போட்டுவிடுங்கள், பஸ்ஸைப் பிடிக்க அவர்களுக்கு நேரம் வேண்டும்.