வெட்கத்தால் பல் டாக்டரிடம் போகாதவர்களுக்கு: ஒரு தையல்காரியின் யோசனைகள்

திண்டுக்கல்லில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். 22 வருஷத் தொழிலில் நூலைக் கத்தரியால் வெட்டியதைவிடப் பல்லால் கடித்து அறுத்ததுதான் அதிகம். மேல் முன்பல் ஒன்றின் நுனியில் நூல் போய் உட்காருகிற அளவுக்குப் பள்ளமே விழுந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. வலது கீழ்க் கடவாய்ப் பல் சொத்தையாகிப் பாதி உடைந்து கிடந்தது. 6 வருஷம் யாரிடமும் காட்டவில்லை.

வீட்டில் ஊசிக்குப் பயம் என்று சொல்லிவைத்திருந்தேன். அது பாதிப் பொய். பிளவுஸுக்கு அளவெடுக்கும்போது வந்தவர் முகத்துக்கும் நம் முகத்துக்கும் ஒரு சாண்கூட இருக்காது. வாய் நாற்றம் தெரிந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டே டேப்பைப் பிடிப்பேன். முன்பெல்லாம் நான் அளவைச் சொல்லச் சொல்ல, கடையில் உதவிக்கு இருக்கும் பெண் நோட்டில் எழுதுவாள். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன், வாயைத் திறக்க வேண்டாமே என்று. இப்படி இருப்பவள் டாக்டர் முன்னால் விளக்கு வெளிச்சத்தில் எப்படி வாயைப் பிளப்பாள்?

இதே நிலையில் இருக்கிறவர்களுக்காகத்தான், நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதை எழுதுகிறேன்.

முதலில், எது உங்களைத் தடுக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அளவு நோட்டின் பின்பக்கத்தில் நான் எழுதியது: திட்டு வாங்குவது, பில், மிஷின் சத்தம், ஊசி. ஊசி நாலாவதாகத்தான் வந்தது! எனக்கே ஆச்சரியம். திட்டு முதலிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. 6 வருஷத்துக்கு முன் ஓர் இடத்துக்குப் போனபோது, வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "பல்லே விளக்க மாட்டீங்களாம்மா?" என்றார்கள். அன்றைக்கு எழுந்து வந்தவள்தான். இப்போது யோசித்தால், ஒரு டெய்லர் துணியைக் கெடுத்துவிட்டால் டெய்லரைத்தான் மாற்றுவோம், பிளவுஸ் போடுவதையா நிறுத்துவோம்? எனக்கு இது அப்போது தோன்றவில்லை.

அடுத்தது போன். நேரில் போய்ச் சொல்வதைவிட இது லேசு. என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே எழுதிவைத்துக்கொண்டு அப்படியே வாசித்தேன்: "6 வருஷமா பல் காட்டல. வாய் ரொம்ப மோசமா இருக்கு, வெக்கமா இருக்கு. முதல் நாள் பார்த்துட்டு மட்டும் அனுப்புவீங்களா?" எடுத்த பெண், "தாராளமா வாங்கக்கா, சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள். இந்தக் கேள்விக்கு எரிச்சலோடு பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம், அடுத்த நம்பரைப் போடுங்கள். ஒரு போனோடு போகட்டும்.

காலையில் முதல் ஆளாக நேரம் கேளுங்கள். பயம் நாற்காலியில் பிறப்பதில்லை, வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போதுதான் ஊறுகிறது. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். பல்லுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போடுவதற்குப் பட்டினி தேவையில்லை, சுகர் இருப்பவர்களுக்கு அது ஆபத்தும்கூட. சாப்பிடுகிற மாத்திரைகளின் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பிரஷர், சுகர், இருதய நோய், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமை, கர்ப்பம், எதையும் மறைக்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் பல் பிடுங்கப் போகிறோம் என்று தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது, இரண்டு டாக்டர்களிடமும் கேளுங்கள்.

துணைக்கு அதிகம் பேசாதவர் யாரையாவது கூட்டிப்போங்கள். என் நாத்தனார் வருகிறேன் என்றார். தனக்குப் பல் பிடுங்கிய கதையை பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடுவார் என்று தெரியும். சித்தி மகளைத்தான் கூட்டிப்போனேன், அவள் வழியெல்லாம் போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கிளம்பும் முன் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வாய் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று 3 தடவை அழுத்தி விளக்கி, ஈறெல்லாம் ரத்தம். படிந்து கெட்டியான காரை பிரஷ்ஷுக்கு அசையாது. சாதாரணமாக விளக்கிவிட்டுப் போனால் போதும்.

உள்ளே போனதும் இரண்டு விஷயம் கேட்டேன். இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், எதையும் செய்வதற்கு முன் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் டாக்டரம்மா சரி என்றார். குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தபடி பக்கத்துப் பெண்ணிடம், "46 ஆழமான சொத்தை, 36 ஃபில்லிங்" என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். வாயை நாலு பாகமாகப் பிரித்து எண் போடுவார்களாம். கீழே வலது பக்கம் 4, நடுவிலிருந்து எண்ணினால் 6-வது பல், அதனால் 46. எனக்கு அது சுற்றளவு மாதிரிதான் காதில் விழுந்தது. சட்டென்று பிடிபட்டது. இவர் அளவெடுக்கிறார். "இடுப்பு 42" என்று நான் சொல்லும்போது அந்த அம்மாவைப் பற்றி எதையாவது நினைத்திருக்கிறேனா? துணி எவ்வளவு வேண்டும், எங்கே டாட் பிடிக்க வேண்டும் என்றுதான் மனசு ஓடும். நாற்காலியின் கைப்பிடியை அதன்பிறகுதான் விட்டேன்.

"நடுவுல வலி நின்னுச்சா?" என்று கேட்டார். நின்றது. இரண்டாம் வருஷம் தானாகவே நின்றது, கோட்டை மாரியம்மனுக்கு மாவிளக்குகூடப் போட்டேன். பல்லுக்குள் இருக்கிற நரம்பு செத்தால் அப்படித்தான் வலி அடங்குமாம். கிருமி பாட்டுக்கு வேர் நுனியில் வேலையைத் தொடரும். எக்ஸ்ரேயில் வேருக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்த இடத்தைக் காட்டினார். வலி நின்றதைக் குணமானதாக எடுத்துக்கொண்டு யாரும் ஏமாற வேண்டாம்.

ஊசி போடும் முன் ஈறில் ஜெல் தடவச் சொல்லிக் கேட்கலாம். மருந்தில் அட்ரினலின் கலந்திருந்தால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கலாம். அப்படி இருந்தால் உடனே சொல்லுங்கள், பயத்தில்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். மரத்த பிறகும் வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் போடுவார்கள். சீழ் பிடித்த இடத்தில் மரக்கும் மருந்து சரியாக வேலை செய்யாது, அதனால் தள்ளிப்போடப் போட ஊசியும் கஷ்டமாகிறது. உதடு வீங்கின மாதிரி இருக்கும், கண்ணாடியில் பார்த்தால் வீக்கமே இருக்காது. உணர்வு திரும்ப 2, 3 மணி நேரம் ஆகும். அதுவரை சூடான காபி வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள்.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்று எங்கள் தெருவில் இன்னும் சொல்கிறார்கள். பார்வை நரம்பு வேறு, பல்லுக்குப் போகிற நரம்பு வேறு. க்ளீன் செய்தால் பல் ஆடும் என்பதும் அந்த வகைதான். காரை போனதும் இடைவெளி தெரியும், அது காரை அடைத்துக்கொண்டிருந்த இடம். வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரினை நேராக வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், ஈறு வெந்துவிடும்.

பில்லைக் கேட்க வெட்கப்படாதீர்கள். எது அவசரம், எது 6 மாதம் பொறுக்கும் என்று தாளில் தொகையோடு எழுதி வாங்குங்கள். எனக்கு வேர் சிகிச்சை, அதாவது செத்த நரம்பை எடுத்துவிட்டு உள்ளே அடைப்பது, 3,500; பல்லுக்கு மேலே மாட்டுகிற உறையான கேப் 4,000; க்ளீனிங் 800. சீட்டு எடுத்த மாதத்தில் கேப் போட்டேன். வேர் சிகிச்சை செய்த கடவாய்ப் பல்லை கேப் இல்லாமல் ரொம்ப நாள் விட்டால் உடையும் என்பதால் அதை மட்டும் இழுத்தடிக்கவில்லை. இவ்வளவு முடியாதவர்கள் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் பல் பிரிவில் காட்டலாம். சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் செலவு குறைவு. மாணவர்கள் பார்ப்பார்கள், மேலே ஆசிரியர் நிற்பார், நேரம்தான் கூட ஆகும்.

கன்னமோ தாடைக்குக் கீழோ வீங்கி, காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் மேலே சொன்ன நிதானமெல்லாம் கிடையாது. அன்றைக்கே, ராத்திரியானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

முன்பல் பள்ளம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரே தடவையில் அடைத்துவிடலாம், ஆனால் நூல் கடித்தால் பெயர்ந்துவிடும் என்றார் டாக்டரம்மா. கழுத்தில் கயிறு கட்டி நூல் வெட்டுகிற ட்ரிம்மர் தொங்கவிட்டிருக்கிறேன், கை அதற்குப் போவதற்குள் வாய் நூலுக்குப் போய்விடுகிறது. தீபாவளித் துணியெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். "மறுபடியும் தள்ளிப்போடறீங்களே" என்று சிரித்தார். அங்கேயே நேரம் எழுதி வாங்கிவிட்டேன்: தீபாவளி முடிந்து வருகிற முதல் புதன்கிழமை, காலை 9.30.