பக்தியுள்ளவர்களும் நேரத்தைக் கோட்டை விடும் இடங்கள்

ஆன்மிக ஈடுபாடு உள்ளவர்கள் நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு உடனே கைப்பேசி, தொலைக்காட்சித் தொடர், கிரிக்கெட் என்று போய்விடும். அவற்றில் நேரம் போகிறது என்பது பார்ப்பவர்களுக்கே தெரியும். நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் கவலை வேறு. நல்ல பக்தியும் நல்லெண்ணமும் உள்ளவர்கள் ஆன்மிகத்தின் பெயரிலேயே நாட்களைக் கோட்டை விடுகிறார்கள். சென்னையில் இது எங்கெங்கே நடக்கிறது என்று கவனித்தால், பெரும்பாலும் கோளாறு ஒன்றுதான்: கையில் இருக்கும் சாதாரணப் பொழுதை மதிக்காமல், வரப்போகும் விசேஷப் பொழுதுக்காகக் காத்திருப்பது.

“ரிட்டயர் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம்”

தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். வீட்டுக் கடன் அடையட்டும், பிள்ளைகள் படிப்பு முடியட்டும், கல்யாணம் ஆகட்டும். பிறகு காலையில் கபாலீசுவரர், மாலையில் உபன்யாசம், நடுவில் ஆற அமரப் பாராயணம். திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. அதில் உடம்பைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அறுபது வயதில் முதல்முறையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடத்தில் மனம் இறைவனிடம் இருக்காது, முழங்காலில் இருக்கும். இருபது வயதில் நான்கு நாளில் மனப்பாடம் ஆகிற பதிகம் அறுபதில் நான்கு மாதம் கேட்கும். முன்வரிசையில் உட்கார்ந்தும் உபன்யாசகர் சொன்னதைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெரியவர்களைச் சபாக்களில் பார்க்கலாம்.

உடம்பு ஒத்துழைத்தாலும் ஊர் விடாது. ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்று பெட்டி கட்டவேண்டியிருக்கும். திரும்பி வந்தால் பேரனைப் பள்ளி வேனில் ஏற்றுவது, மின்கட்டணம், வங்கி, பிளம்பர் எல்லாம் “வீட்டில் சும்மாதானே இருக்கிறார்” என்று அவர் தலையில் விழும். இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று உண்டு. முப்பது வருடம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்து பழகாதவர், திடீரென்று கையில் வந்து விழும் பத்து மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார். இரவு விவாத நிகழ்ச்சியில் கத்துபவர்களோடு சேர்ந்து கத்துவார். பழக்கம் ஓய்வூதியத்தோடு சேர்ந்து வருவதில்லை.

பெரியாழ்வார் இதை நேரடியாக அரங்கனிடமே பேசித் தீர்த்துக்கொண்டார். தளர்ந்து படுக்கும்போது உன்னை நினைக்க என்னால் முடியாது, அதனால் அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டேன் என்கிறார். ஆழ்வாருக்கே தன் கடைசி நேரத்தின் மீது நம்பிக்கை இல்லை. நமக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை.

நல்ல நேரம் பார்த்தே கழியும் நேரம்

சென்னை வீடுகளில் கூடத்துச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கும். தாளைக் கிழித்ததும் பலரும் முதலில் தேடுவது ராகு காலம், எமகண்டம். “திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா” என்ற வாய்பாட்டைப் பாட்டிமார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்: திங்கள் ஏழரைக்குத் தொடங்கி, சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய் என்று ஒன்றரை மணி ஒன்றரை மணியாகத் தள்ளி, ஞாயிறு நாலரைக்கு முடியும் வரிசை. ராகு காலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி. பன்னிரண்டு மணி நேரப் பகலில் கால்பங்கு அங்கேயே போய்விட்டது. அதன் மேல் அஷ்டமி, நவமி, கரிநாள், சந்திராஷ்டமம். வீடு வாங்கவும் பெண் பார்க்கவும் இவற்றைப் பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தியானம் பழகவும், ஒரு நூலைப் படிக்கத் தொடங்கவும், “தேய்பிறை போகட்டும், வளர்பிறையில் ஆரம்பிக்கலாம்” என்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

வழிபாட்டுக்கு ராகு காலம் தடையே இல்லை. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கும் வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் ஏதாவது ஒரு துர்க்கை சன்னதிக்குப் போய்ப் பாருங்கள். எலுமிச்சை மூடியில் திரி போட்டு விளக்கேற்றக் கூட்டம் நெருக்கும். ராகு காலத்தையே வழிபாட்டு நேரமாக்கிக்கொண்ட ஊர் இது.

நாயன்மார்களில் ஒருவரான திருநின்றவூர் பூசலார் கதையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் புறநகர் ரயிலில் அந்த ஊர் வரும். இருதயாலீசுவரர் கோயில் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்றும் இருக்கிறது. கோயில் கட்டக் கையில் காசில்லாதவர், கல்லையும் தச்சரையும் மனத்துக்குள்ளேயே தேடிக்கொண்டு, மனத்திலேயே கட்டினார். கட்டத் தொடங்க அவரும் நல்ல நாள்தான் பார்த்தார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் எழுதுகிறார். அதே பாட்டின் கடைசி வரி பலருக்கு நினைவிருப்பதில்லை: இரவிலும் கண் துஞ்சாமல் எடுத்தார் என்கிறது அது. நாள் பார்த்தது ஒரு முறைதான். அதன் பிறகு கட்டடம் மட்டும்தான். அவர் குறித்த குடமுழுக்கு நாளுக்காகத்தான், அதே நாளைக் குறித்திருந்த காஞ்சிப் பல்லவ மன்னனின் கற்கோயிலைத் தள்ளிப்போடச் சொல்லிக் கனவில் உத்தரவு வந்தது என்று கதை முடிகிறது.

ஒரே நாளில் ஒன்பது கோயில்

போரூர், குன்றத்தூர் வட்டாரத்தில் ஒன்பது சிவன் கோயில்கள் நவகிரகத் தலங்களாகப் போற்றப்படுகின்றன. கொளப்பாக்கம் சூரியனுக்கு, சோமங்கலம் சந்திரனுக்கு, பூந்தமல்லி செவ்வாய்க்கு, கோவூர் புதனுக்கு, போரூர் குருவுக்கு, மாங்காடு சுக்கிரனுக்கு, பொழிச்சலூர் சனிக்கு, குன்றத்தூர் ராகுவுக்கு, கெருகம்பாக்கம் கேதுவுக்கு. ஒன்பதும் பழைய, அழகான கோயில்கள். தவறு கோயில்களில் இல்லை, ஒரே நாளில் ஒன்பதையும் முடித்துவிட நினைப்பதில் இருக்கிறது.

விடிவதற்குள் வேன் கிளம்பும். பகலில் நடை சாத்துவதற்குள் எத்தனை முடியும் என்பதே காலை முழுக்கப் பேச்சு. பையில் ஒன்பது பொட்டலம் தானியம். சன்னதியில் நின்றுகொண்டு பச்சைப்பயறு இங்கேயா, கொண்டைக்கடலை இங்கேயா என்று துழாவுவார்கள். அர்ச்சகர் பெயர் நட்சத்திரம் கேட்கிறார்; வீட்டில் ஏழு பேர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வெளியே ஹார்ன் சத்தம். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டே செருப்பைத் தேடும் கால்கள். கோவூரில் தியாகராஜர் ஐந்து கீர்த்தனைகள் பாடியிருக்கிறார். அந்தச் சன்னதியில் நம் வேன் நிற்பது பத்து நிமிடம். குன்றத்தூர் நாகேசுவரர் கோயில் சேக்கிழார் எழுப்பியது. அரசாங்க வேலையில் இருந்துகொண்டே அறுபத்துமூவர் வரலாற்றையும் பாடி, ஊரில் கோயிலும் கட்டியவரின் கோயிலுக்குள் “சீக்கிரம், சீக்கிரம்” என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போகிறோம். இரவு வீடு திரும்பியதும் எந்தக் கோயிலில் எந்த அம்மன் என்று கேட்டால், கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

மாதத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒன்பது மாதம் ஆகும். ஆகட்டுமே. பிரகாரத்தில் அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார முடிந்தால் அந்தக் கோயில் உங்களுக்குச் சொந்தமாகிவிடும்.

இதே அவசரத்தின் கைப்பேசி வடிவம், உபன்யாசத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பது. பேசுபவர் ஒரு வரியைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துகிறார் என்றால், கேட்பவர் அதை உள்ளே வாங்கிக்கொள்ளத்தான் நிறுத்துகிறார். அதை நறுக்கிவிட்டு ஒரு மணி நேரப் பேச்சை நாற்பது நிமிடத்தில் முடித்தேன் என்று பெருமைப்பட என்ன இருக்கிறது? சாமி படம் போட்ட காலை வணக்கத்தை நாற்பது பேருக்கு அனுப்பும் நேரத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. என் உறவினர்களும் இதைப் படிப்பார்கள்.

மார்கழி வேகம்

டிசம்பர் நடுவில் ஊரே நாலரை மணிக்கு எழுந்துவிடும். குளிர்ந்த நீரில் குளியல், கோலம், கோயில், வெண்பொங்கல். தை பிறந்ததும் அலாரம் ஆறரைக்குத் திரும்பிவிடும். ஆண்டு முழுவதற்குமான பக்தியை ஒரே மாதத்தில் செலுத்திவிடலாம் என்ற எண்ணம்தான் இங்கே தவறு. திருப்பாவை முப்பது பாட்டு. மரபு அதை நாளுக்கு ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. சிறிய அளவு, தவறாத வேளை என்பதுதான் எல்லாச் சமயங்களுக்கும் பொது. பெரிய சிவன் கோயில்களில் உஷத்காலம் தொடங்கி அர்த்தஜாமம் வரை ஆறு காலப் பூஜை. திருவல்லிக்கேணியில் 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசலில் சுபுஹ் முதல் இஷா வரை ஐந்து வேளைத் தொழுகை. எதுவுமே நாள் முழுவதையும் கேட்கவில்லை. ஒதுக்கிய வேளையில் வந்து நில் என்று மட்டும் கேட்கின்றன.

மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில், கையடக்கப் புத்தகத்தைப் பிரித்து உதடு மட்டும் அசையக் கவசம் படிக்கும் பெண்களைச் சென்னைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். குரோம்பேட்டையில் ஏறினால் மாம்பலம் வருவதற்குள் முடிந்துவிடும். கூட்டம், பூ விற்பவர் குரல், கதவருகே நெரிசல் எதுவும் அவர்களைத் தடுக்கவில்லை. அமைதியான இடம் கிடைக்கட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் இன்னும் முதல் வரியிலேயே இருப்பார்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு தடவை படித்து ஈடுகட்டவும் வேண்டாம். அப்படித் தொடங்குபவர்கள் மூன்றாம் நாள் விட்டுவிடுகிறார்கள்.

போன வருடங்களை நினைத்து வருந்திக்கொண்டே இருப்பதும் ஒரு செலவுதான். “இருபது வயதிலேயே தொடங்கியிருக்கலாம்” என்று அரைமணி நேரம் புலம்புபவருக்கு, அந்த அரைமணி நேரம் கையில்தான் இருந்தது.

யாருடைய நேரம்?

கடைசியாக ஒன்று, வீட்டுக்குள் நடப்பது என்பதால் வெளியே அதிகம் பேசப்படாதது. ஐயா பூஜை அறையில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறார். பூவைத் தொடுத்து, பாத்திரம் தேய்த்து, நைவேத்தியம் சமைத்து, படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு உடை மாற்றி, குழந்தைக்கு டிபன் பெட்டி கட்டிக் கொடுப்பவர் வேறொருவர். அவருடைய பொழுதிலிருந்து எடுத்துத்தான் ஐயாவின் பொழுது அமைகிறது. அந்த அம்மாவிடம் “நீயும் ஏன் தியானம் பழகக் கூடாது?” என்று கேட்பது வேடிக்கை. அவருக்கு அறிவுரை வேண்டாம். பூஜையை அரைமணி நேரம் குறைத்துக்கொண்டு, பாட்டியின் கட்டிலருகே ஐயா போய் உட்காரட்டும். மருந்தை எந்த டப்பாவிலிருந்து எடுக்கவேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கிடைத்த அரைமணி நேரத்தில் அந்த அம்மா கோயிலுக்குப் போகிறாரா, புத்தகம் படிக்கிறாரா, மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாரா என்று யாரும் கேட்கவேண்டியதில்லை.