கிரையோ அறைக்கு ஏர்கான் கணக்குப் போடாதீர்கள்

"அண்ணே, ஆள் மூணு நிமிஷம்தானே உள்ள நிக்கப் போறாரு, இருக்கிற ஏர்கான் லைனே போதாதா?" சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் கடைவீடு எடுத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார். மைனஸ் 110 டிகிரியில் முழு உடலையும் குளிர்விக்கும் மின்சார அறை, அதாவது கிரையோ அறை, வைக்கப்போகிறாராம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டதில் எனக்கு நிம்மதி.

ஏர்கான் 1 கிலோவாட் மின்சாரத்தில் 3 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும். மைனஸ் 110க்கு இறங்கினால் கணக்கு தலைகீழ். வெப்பத்தை விடும் பக்கம் 40 டிகிரி என்றால், குறையே இல்லாத இயந்திரம்கூட 1 கிலோவாட் மின்சாரத்துக்கு 1.1 கிலோவாட் வெப்பத்தைத்தான் வெளியேற்றும். உண்மையான கம்ப்ரசர் அதில் பாதியைத் தொடுவதே பெரிய விஷயம். ஆகவே 1 கிலோவாட் குளிருக்கு 3 கிலோவாட் மின்சாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உள்ளே நிற்பவர் விடும் வெப்பத்தை 100 வாட் என்று எழுதிவிடுகிறார்கள். அது ஏர்கான் அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு. இங்கே தோலுக்கும் காற்றுக்கும் இடையே 130 டிகிரி வித்தியாசம். என் கணக்கில் ஒருவரே 2 கிலோவாட் அளவு வெப்பம் விடுவார். 20 சென்டிமீட்டர் ஃபோம் வைத்த சின்ன அறையின் சுவர்கள் எல்லாம் சேர்ந்தே அரை கிலோவாட்டைத் தாண்டாது.

நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது கதவு. 30 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 2 கன மீட்டர் உள்ளே போனால், 40 பேர் வந்துபோன நாளில் ஏறக்குறைய 2 கிலோ பனி. அது குளிர்க்குழாயின் தகடுகளில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு காற்றோட்டத்தை அடைக்கும். கம்ப்ரசர் ஓடும், அறை குளிராது. குளிர் நாட்டு விற்பனைத் தாளில் உள்ள எண்ணை இங்கே நம்ப முடியாது. ஈரக்காற்று நேராக உள்ளே போகாதபடி மைனஸ் 60 டிகிரி முன்னறை வைத்த வகையையே பாருங்கள். காசு கூடத்தான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம் பின்சந்து. இரண்டரை கிலோவாட் குளிருக்கு ஏழரை மின்சாரம் என்றால், பத்து கிலோவாட் வெப்பம் அங்கே கொட்டும். பக்கத்துக் கடை ஏர்கான்களும் அங்கேதான் ஊதுகின்றன. சந்து சூடாக ஆக மின்சாரம் இன்னும் ஏறும். இவ்வளவு மின்சாரத்துக்கு 400 வோல்ட் மூன்று ஃபேஸ் மின் இணைப்பு கிடைக்குமா என்பதை உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியனிடம் முதலிலேயே கேளுங்கள்.

மின்சாரம் வேண்டாம், திரவ நைட்ரஜன் போதும் என்பவர்களும் உண்டு. அது ஆவியானால் சுமார் 700 மடங்கு விரியும், வாசனையே இல்லாமல் ஆக்சிஜனை விரட்டிவிடும். ஆக்சிஜன் அலாரமும் காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் இல்லாத கடையில் அதை இறக்கவே கூடாது.