நகரங்களின் குற்ற எண்களை நீங்களே ஒப்பிடுவது எப்படி?

ஒரு மாநிலத்தில் எந்த நகரம் பாதுகாப்பானது என்று தேடினால் உடனே ஒரு தரவரிசை கிடைத்துவிடும். அதை மட்டும் நம்பி வீடு மாறாதீர்கள். காவல்துறையின் ஆண்டு அட்டவணையை இறக்கி நீங்களே கணக்குப் போட ஒரு மாலைப்பொழுது போதும்.

முதலில், 'மொத்தக் குற்றங்கள்' என்ற வரியை விட்டுவிடுங்கள். அதில் கொலையும் ஒரு வழக்குதான், ஊரடங்கை மீறி வெளியே வந்ததும் ஒரு வழக்குதான். இந்தியாவில் அரசு உத்தரவை மீறியதற்கான, அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவில் 2019இல் சுமார் 29,000 வழக்குகள் பதிவாயின. பெருந்தொற்று வந்த 2020இல் அது 6 லட்சத்தைத் தாண்டியது. மொத்த எண்ணை மட்டும் பார்த்தவருக்கு நாடே கெட்டுப்போனதாகத் தோன்றியிருக்கும். உண்மையில் அந்த ஆண்டு திருட்டு குறைந்திருந்தது. மது, சூதாட்டம், போதைப்பொருள் வழக்குகளும் இப்படித்தான். போலீஸ் எத்தனை முறை சோதனைக்குப் போனது என்பதைத்தான் அவை பெரும்பாலும் காட்டும்.

ஒப்பிடத் தகுந்தவை கொலையும் வாகனத் திருட்டும். கொலையை மறைப்பது கடினம். வண்டி காணாமல் போனால் காப்பீட்டுப் பணத்துக்காகவாவது புகார் கொடுப்பார்கள். அடுத்த நிலையில் வழிப்பறியையும் பூட்டை உடைத்துத் திருடுவதையும் சேர்க்கலாம். பாலியல் குற்றம், குடும்ப வன்முறை எண்களை வைத்து மட்டும் ஊர்களை எடைபோடக் கூடாது. எண் குறைவாக இருக்கும் ஊரில் புகாரை வாங்காமலே திருப்பி அனுப்பியிருக்கலாம். கூடுதலாக இருக்கும் ஊரில் பெண்கள் துணிந்து காவல் நிலையம் போயிருக்கலாம். பதிவாகாத குற்றங்களை அறிய, பாதிக்கப்பட்டவர்களை நேரடியாகக் கேட்கும் கணக்கெடுப்பு அமெரிக்காவில் 1973 முதலும், இங்கிலாந்து-வேல்ஸில் 1982 முதலும் நடக்கிறது. இப்படி ஒன்று உங்கள் பகுதிக்கு இருந்தால் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி கணக்கு. வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்குங்கள். 12 லட்சம் பேர் உள்ள நகரில் 36 கொலை என்றால் லட்சத்துக்கு 3. வகுக்கும் எண்ணில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 19 பெருநகரங்களுக்குத் தனி அட்டவணை தருகிறது. அதில் வகுக்கும் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின் எண். அதன்பின் வேகமாக வளர்ந்த நகரத்தின் விகிதம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். சுற்றுலாத் தலங்களிலும், பகலில் வேலைக்கு வந்து மாலையில் திரும்புகிறவர்கள் நிறைந்த நகரங்களிலும் இதே கோளாறு வேறு வழியில் வரும். குற்றம் வந்துபோகிறவர்களுக்கும் நடக்கிறது, வகுப்பதோ குடியிருப்பவர்களை மட்டும் வைத்து. வாகனத் திருட்டைப் பதிவான வாகனங்களாலும், வீட்டுத் திருட்டை வீடுகளின் எண்ணிக்கையாலும் வகுத்தால் படம் தெளியும்.

சிறு நகரங்களில் ஓராண்டு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 40,000 பேர் உள்ள ஊரில் 2 கொலை நடந்தால் லட்சத்துக்கு 5. ஒன்று குறைந்தால் 2.5. ஒரு கொலை குறைந்ததால் ஊர் இரு மடங்கு பாதுகாப்பாகிவிடவில்லை. ஐந்து ஆண்டுகளைக் கூட்டிச் சராசரி எடுங்கள். தோராயமாக ஓர் அளவுகோலும் உண்டு: எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரட்டித்துக் கூட்டியும் கழித்தும் பாருங்கள். 36க்கு வர்க்கமூலம் 6, இரட்டித்தால் 12. ஆகவே 24 முதல் 48 வரை தற்செயலாகவே ஏறி இறங்கலாம். இரண்டு நகரங்களுக்கும் இப்படிக் கிடைக்கும் மேல், கீழ் எண்களை லட்சத்துக்கான விகிதமாக மாற்றியபின், அந்த வீச்சுகள் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அவற்றுக்குள் வேறுபாடு இருப்பதாகச் சொல்லாதீர்கள்.

விகிதம் ஓராண்டில் குதித்தால் முதலில் குற்றங்களை எண்ணும் விதி மாறியதா என்று பாருங்கள். அமெரிக்காவின் எஃப்பிஐ 2021இல் புதிய பதிவு முறைக்கு மாறியபோது நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரக் காவல்துறைகளின் தரவே அந்த ஆண்டுக் கணக்கில் வரவில்லை. பழைய முறையில் ஒரு சம்பவத்துக்கு மிகக் கடுமையான குற்றம் மட்டும் எண்ணப்பட்டது. புதிய முறையில் ஒரே சம்பவத்தில் 10 குற்றங்கள் வரை பதியலாம். இந்திய அட்டவணையிலும் முதன்மைக் குற்றமே எண்ணப்படுகிறது. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கடுமையானது மட்டும் வரும். ஆகவே அட்டவணையின் அடிக்குறிப்புகளைப் படிக்காமல் மேலே போக வேண்டாம். நகர எல்லை விரிந்த ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின் கிடைப்பது நகரத்தின் சராசரி மட்டுமே. சராசரியில் யாரும் குடியிருப்பதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் போலீஸுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதி அழைப்புகள் வந்தது தெரிந்தது. எனவே நகரை முடிவு செய்ததும் காவல் நிலைய எல்லை வாரியான எண்களைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஓராண்டு உள்ளூர்ச் செய்திகளில் வந்த சம்பவங்களைத் தெரு, நேரம் என்று ஒரு வரைபடத்தில் குறியுங்கள். பிறகு பேருந்து நிறுத்தத்திலிருந்து அந்த வீட்டுக்கு, நீங்கள் வழக்கமாகத் திரும்பப்போகும் நேரத்தில், ஒரு வேலைநாளும் ஒரு விடுமுறை நாளும் நடந்து பாருங்கள். எரியாத விளக்கு, மூடிய கடைகள், ஆளில்லாத நீண்ட மதில் எங்கெங்கே இருக்கின்றன என்று அந்த வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.