பழைய அம்பாசடர், பத்மினி பாடி வேலை: கையைச் சுடும் தவறுகள்

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. பத்மினி அதற்குப் பல வருடம் முன்பே நின்றுவிட்டது. இப்போது இவற்றைத் தேடி வாங்கி, தெரிந்த பட்டறையில் நிறுத்தியோ வீட்டு வாசலில் போட்டோ புதுசாக்க நினைக்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். சந்தோஷமான விஷயம்தான். ஆனால் டிங்கரிங்கில் புதிதாகக் கை வைக்கிறவர்கள், அந்தக் காலத்துப் பட்டறைப் பையன்கள் செய்து திட்டு வாங்கிய அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடிப்பது, பேட்டரி ஒயரைக் கழற்றாமல் வெல்டிங் வைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம். பணத்தையும் வண்டியையும் சேர்த்து விழுங்குகிறவற்றை மட்டும் பார்ப்போம்.

பளபளப்பைப் பார்த்து விலை பேசுவது

புது பெயின்ட் அடித்து விற்பனைக்கு நிற்கும் பழைய கார் எதையும் காட்டாது. ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். அதுவும் சக்தி குறைந்த, தட்டையான காந்தம். ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வலுவான காந்தம் 3 மில்லிமீட்டர் பட்டிக்கு (பள்ளத்தை நிரப்பத் தடவும் பசை) மேலேயும் ஒட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றிவிடும். மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் ஒரு சாண், சக்கர வளைவின் விளிம்பு, ஹெட்லைட்டுக்கு மேல், முன்கண்ணாடியின் கீழ் மூலைகள் என்று நகர்த்துங்கள். கூரையில் எப்படி இழுக்கிறதோ, மற்ற இடங்களிலும் அப்படி இழுக்க வேண்டும். பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனி பெயின்ட் சுமார் 100 முதல் 200 மைக்ரான் இருக்கும். ஒரு முறை மேலே அடித்திருந்தால் 300, 400 காட்டும். 1,000-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது.

அதோடு விடாதீர்கள். பேனலின் வெளிப்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாக்கலாம், உள்பக்கத்தைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. கார்ப்பெட்டைத் தூக்குங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அதன் குழியைப் பாருங்கள். கதவு உள்தட்டியைக் கழற்றி டார்ச் அடியுங்கள். வெளியே விரல் நகம் அளவு பெயின்ட் கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவு தகடு பொடியாகியிருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். துரு உள்ளேயிருந்து வெளியே வருவதுதான் வழக்கம்.

ரன்னிங் போர்டை முட்டுக் கொடுக்காமல் அறுப்பது

இதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தீராது. இன்றைக்கும் மாதத்துக்கு ஒரு வண்டியாவது இப்படிக் கெட்டுப்போய் பட்டறைகளுக்கு வருகிறது. பார்க்கும்போதே வயிறு எரிகிறது.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. பாடிதான் சேஸி. கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் அந்தப் பெட்டி, அதாவது வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்த ரன்னிங் போர்டுதான், வண்டியின் நடுப்பாகத்தைத் தாங்குகிறது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டில் கதை வேறு. அதற்கு அடியில் தனிச் சேஸி உண்டு, ரன்னிங் போர்டைக் கழற்றினாலும் வண்டி குனியாது. ஹெரால்டில் வேலை பழகிய கை அதே பழக்கத்தில் அம்பாசடரை அறுத்தால் முதுகெலும்பையே அறுக்கிறது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். துரு அதிகம் என்று ஒரே நாளில் இரண்டு பக்கமும் அறுத்துவிடுவார்கள். கனம் குறையட்டும் என்று நாலு கதவையும் முதலிலேயே கழற்றி ஓரமாகச் சாய்த்திருப்பார்கள். வண்டி நடுவில் இரண்டு ஜாக்கியில் நிற்கும். அந்த நிலையில் முன்பக்கமும் பின்பக்கமும் தம் கனத்தில் கீழே தொங்கும், கதவுத் திறப்பின் மேல்பகுதி விரியும், கீழ்ப்பகுதி நெருங்கும். ஆக்ஸிலில் நிறுத்தி அறுத்தால் இதற்கு நேர் எதிர். நடு தொய்ந்து, மேலே நெருங்கிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, மொத்தமே சில மில்லிமீட்டர்தான். அந்தக் கோணலிலேயே புதுத் தகட்டை வைத்து முழுக்க வெல்டிங் போட்டுவிடுவார்கள். பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம் முடியும். கடைசி நாள் கதவை மாட்டும்போதுதான் பூட்டுப் பக்கத்து மூலை பில்லரில், அதாவது கதவை ஒட்டிய தூணில், இடிக்கும். அப்புறம் கீலைக் கட்டை வைத்து நெம்புவார்கள், கதவு விளிம்பைத் தேய்ப்பார்கள், பூட்டின் கொக்கியை நகர்த்துவார்கள். எதுவும் நிற்காது. கோணலாக இருப்பது பாடி, கதவில் தவறே இல்லை. சரிசெய்ய வேண்டுமென்றால் போட்ட தகட்டை மறுபடி அறுக்க வேண்டும், பெயின்ட் உட்பட எல்லாம் போச்சு.

இதைத் தடுக்கச் செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும். அறுப்பதற்கு முன் கதவுகள் மாட்டியே இருக்கட்டும். முதலில் கதவின் நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் அதன் ஊசி (‘பின்’) தேய்ந்திருக்கிறது, அதை மாற்றாமல் எடுக்கும் அளவு எதற்கும் உதவாது. ஊசியை மாற்றிய பிறகு ஒவ்வொரு கதவையும் சுற்றி இடைவெளியை எட்டு இடத்தில் அளந்து, பக்கத்திலேயே மாஸ்கிங் டேப் ஒட்டி அதில் எழுதுங்கள். இந்த வண்டிகளில் 4 முதல் 6 மில்லிமீட்டருக்குள் சீராக இருந்தாலே போதும். பிறகு ஒவ்வொரு கதவுத் திறப்பிலும் குறுக்கு அளவு, இடது பில்லருக்கும் வலது பில்லருக்கும் இடையே உள்ள அளவு. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால், வண்டி ஏற்கெனவே எங்காவது அடிபட்டு இழுத்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அறுக்கும் வேலையை நிறுத்தி, காரணத்தைத் தேடுங்கள்.

வண்டியைச் சமதளத்தில், சக்கரங்கள் கனத்தைத் தாங்கும் இடங்களிலேயே நிறுத்துங்கள். முன்னால் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டத்துக்கு அடியில், பின்னால் ஆக்ஸிலுக்கு அடியில். நாலு ஸ்டாண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கொத்தனார்கள் பிடிக்கும் டியூப் லெவலில் பார்த்துவிடலாம். முட்டுக்கு 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், தகடு தடிமன் 16 கேஜ். ஒவ்வொரு திறப்பிலும் பில்லருக்குப் பில்லர் ஒன்று நேராக, ஒன்று குறுக்காக. நடுப் பில்லர்கள் இரண்டுக்கும் இடையே ஒன்று. முட்டுக் குழாயை வெளி விளிம்பில் வைத்தால் கதவு மூடாது, ஆகவே நாலு விரல் உள்தள்ளி வெல்டு பண்ணுங்கள். வேலை நடுவில் கதவை மூடிப் பார்க்க முடிய வேண்டும், அதுதான் இந்த முறைக்கு உயிர்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். அந்தப் பக்கத்திலும் உள்தகடு முதலில், வெளித்தகடு பிறகு. 18 கேஜ் சி.ஆர். ஷீட்டில் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) மடக்கிய துண்டைக் கிளாம்பில் பிடித்து, ஒரு விரற்கடைக்கு ஒரு டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டு) மட்டும் வைத்துவிட்டு, கதவை மூடிப் பழைய அளவோடு ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால்தான் முழு வெல்டிங். ஓர மடிப்புகளில் 6 மில்லிமீட்டர் துளை போட்டு, 30 மில்லிமீட்டருக்கு ஒன்றாக ப்ளக் வெல்டு, அதாவது துளையை நிரப்பும் வெல்டு. மடிப்புகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் வெல்டிங்குக்குத் தாங்கும் ஜிங்க் பிரைமர். இரண்டு பக்கமும் முடிந்து, வண்டி நாலு சக்கரத்தில் இறங்கி, கதவு நாலும் ஒரு விரலால் தள்ளினாலே மூடுகிறது என்று பார்த்த பிறகுதான் முட்டுக் குழாயை எடுக்க வேண்டும்.

துருவின் மேல் தகடு ஒட்டுவது

உள்ளே இருக்கிற துரு சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், மேலே ஒட்டிய தகடு தண்ணீரைப் பிடித்துவைத்து அதற்கு உதவும். நல்ல தகடு வரும் வரை அறுங்கள்.

கையில் எடுத்ததும் ஓங்கி அடிப்பது

நசுங்கிய ஃபெண்டரில் ஆழமான பள்ளத்தின் நடுவே உள்பக்கமிருந்து சுத்தியலால் ஓங்கி அடிப்பதுதான் எல்லோருக்கும் வருகிற முதல் ஆசை. அடி பட்டபோது தகடு ஒரு வரிசையில் மடிந்திருக்கிறது. பள்ளம் முதலில் விழுந்தது, அதைச் சுற்றி எழும்பிய மேடு கடைசியில் வந்தது. எடுக்கும்போது கடைசியில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும். பள்ளத்துக்கு அடியில் டோலியை (கைக்கடக்கமான இரும்புக் கட்டை) அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெளியே மேட்டின் மேல் மெதுவாகத் தட்டுங்கள். மேடு அடங்க அடங்கப் பள்ளம் தானே பாதி எழும்பிவிடும்.

டோலிக்கு நேர் மேலேயே தட்டிக்கொண்டிருந்தால் தகடு இரண்டு இரும்புக்கு நடுவே நசுங்கி அகலமாகும். அகலமான தகட்டுக்குப் போக இடமில்லை, கட்டை விரலால் அழுத்தினால் டப்பா மூடி மாதிரி ‘டப், டப்’ என்று உள்ளே போய் வெளியே வரும். அம்பாசடர் பானெட்டிலும் பத்மினி கதவிலும் இந்தச் சத்தம் கேட்டால், முன்பு யாரோ அடித்தே விரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சுருக்குவதற்கு, ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தை மட்டும் கேஸ் டார்ச்சில் மங்கிய சிவப்பு வரும் வரை சூடாக்கி, டோலி வைத்து இரண்டு மூன்று தட்டு தட்டி, ஈரத்துணியால் ஒற்ற வேண்டும். ஆறிய பிறகு அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த புள்ளி. ஒரே மூச்சில் பத்துப் புள்ளி வைத்தால் பேனல் பாய் சுருண்ட மாதிரி ஆகிவிடும்.

ஜி.ஐ. ஷீட்டில் ஒட்டுப்போடுவது

துத்தநாகம் பூசிய இந்தத் தகடு கூடாது. வெல்டிங் நுரைத்து ஓட்டையாகும், துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

பழைய பித்தளையின் மேல் சி.ஓ.டூ. வெல்டிங்

அந்தக் காலத்தில் ஓட்டையைப் பித்தளை வைத்து அடைப்பது வழக்கம். கிரைண்டர் வைத்ததும் மஞ்சளாகத் தெரியும். அதன் மேலேயோ பக்கத்திலேயோ சி.ஓ.டூ. வெல்டிங் (வாயுவின் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டும் முறை) வைத்தால் பித்தளை உருகி இரும்போடு கலக்கும், ஆறும்போது வெடிப்பு விடும். மஞ்சள் முழுக்கப் போகும் வரை அறுத்து எடுத்துவிட்டு, 20 கேஜ் சி.ஆர். ஷீட்டை அந்த அளவுக்கு வெட்டி, விளிம்புக்கு விளிம்பு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் பொருத்துங்கள். ஒரு டாக் இங்கே, அடுத்தது எதிர்மூலையில். கை வைக்கிற அளவுக்குச் சூடு குறையும் வரை காத்திருக்க வேண்டும். தொடர்ந்து இழுத்த வெல்டிங்கால் வளைந்த கதவைப் பிறகு பட்டியால்தான் மறைக்க முடியும், அது அடுத்த தவறு.

பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்ப்பது

இது நம் ஊர்ப் பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம். தூசி பறக்காது, தாள் சீக்கிரம் தேயாது என்பதால் பட்டியின் மேல் வாட்டர் பேப்பரும் வாளித் தண்ணீருமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பட்டியில் இருக்கும் டால்க் பொடி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்த மாதிரி தெரியும், ஆனால் உள்ளே ஈரம் இருக்கும். பெயின்ட் அடித்து மூடிய பிறகு வெளியேற வழியில்லாமல் அது தகட்டையே துருப்பிடிக்க வைக்கும். முதல் மழைக்காலம் தாண்டும் முன் கொப்புளம் வரும். பட்டியை 80, 180, 320 என்று உலர்ந்த உப்புத்தாளில், மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். பிரைமர் அடித்து மூடிய பிறகு 600, 800 வாட்டர் பேப்பர் பிடிக்கலாம், அங்கே ஆட்சேபம் இல்லை.

பட்டியின் தடிமன் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் டிங்கரிங் முடியவில்லை என்று பொருள், திரும்பப் போய்த் தட்டுங்கள். 100 கிராம் பட்டிக்கு ஹார்ட்னர் (இறுக வைக்கும் கலவை) 2 கிராம். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாகப் பிதுக்கினால், மிச்சமாகும் பெராக்ஸைடு வெள்ளை, கிரீம் நிறப் பெயின்ட்டில் மஞ்சள் கறையாக மேலே வரும், எத்தனை கோட் அடித்தாலும் மறையாது. சித்திரை வெயிலில் பட்டி கைக்குள்ளேயே கல்லாகிறதே என்பவர்கள் எலுமிச்சை அளவு மட்டும் கலந்து, காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

டேங்கை இறக்காமல் பின்பக்கம் வெல்டிங்

காலி பெட்ரோல் டேங்க், உள்ளே ஆவி தங்குவதால், நிறைந்த டேங்கைவிட ஆபத்து. இறக்கி வெளியே வையுங்கள்.

பெயின்ட் அடித்த பிறகு பேனலை மாட்டிப் பார்ப்பது

சென்னை புதுப்பேட்டையிலோ வேறு காயலாங்கடையிலோ அம்பாசடருக்கு ஃபெண்டர், பானெட் தேடும்போது மார்க்கைச் (மாடல் வரிசை எண்) சொல்லிக் கேளுங்கள். மார்க் 2-ன் முன்பக்கமும் மார்க் 4-ன் முன்பக்கமும் ஒன்றல்ல. பழைய கம்பெனிப் பேனல் சொட்டையாக இருந்தாலும் ஓரங்கள் நன்றாக இருந்தால் அதையே எடுங்கள். புதிதாக அடித்து விற்கும் பேனல் பார்க்க நேராக இருக்கும், போல்ட் துளைகளும் மடிப்பும் பெரும்பாலும் ஒத்துவராது. எதை வாங்கினாலும் வெறும் தகடாக எல்லா போல்ட்டும் போட்டு, பக்கத்துக் கதவையும் பானெட்டையும் மூடிப் பார்த்து, துளையை நீட்ட வேண்டியிருந்தால் அப்போதே நீட்டி, பிறகு கழற்றிப் பிரைமர் அடியுங்கள். உங்கள் பழைய பேனலை, வேலை முடிந்து வண்டி ஓடும் வரை எடைக்குப் போடாதீர்கள். ஓரத்து மடிப்பு எப்படி வந்திருந்தது என்று பார்க்க அதுதான் மாதிரி.

வடிகால் துளையை அடைப்பது

கதவின் அடியிலும் ரன்னிங் போர்டின் அடியிலும் கம்பெனி விட்ட துளைகள், அண்டர்கோட்டிங் அடிக்கும்போது மூடிப்போகும். அடிக்கும் முன் ஒவ்வொன்றிலும் தீக்குச்சி செருகுங்கள், காய்ந்ததும் பிடுங்கிவிடலாம். உள்ளே கருப்பு ஆயில் ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள். அது மடிப்புகளில் கசிந்து வந்து, பின்னால் அங்கே அடிக்கிற பெயின்ட்டில் மீன்கண் (சிறு வட்டக் குழி) விழ வைக்கும். பாடிக்குழிக்கென்று விற்கும் மெழுகை, நீளக் குழாய் மாட்டிய ஸ்ப்ரே கன்னில், பெயின்ட் முழுக்கக் காய்ந்த பிறகு அடியுங்கள். கீழ்த்துளைகளில் மெழுகு சொட்டத் தொடங்கினால் உள்ளே போதுமான அளவு போயிருக்கிறது. மறுநாள் ஒரு கம்பியால் அந்தத் துளைகளை மறுபடி குத்தித் திறந்துவிடுங்கள்.