ஆக்சுவரி வேலைக்கு ரெக்ரூட்டரைப் பிடிக்கும்போது செய்யக்கூடாதவை

போன ஞாயிறு பெரம்பூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் எங்கள் தெருப் பையன் போனை நீட்டினான். "அண்ணா, நாலு ஜாப் கன்சல்டன்ட்டுக்கு ரெஸ்யூம் தட்டி விட்டுட்டேன், யாராவது ஒருத்தர் வாங்கிக் குடுத்துடுவாங்க." ஆக்சுவரி, அதாவது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ரிஸ்க்கைக் கணக்கு போட்டுச் சொல்லும் ஆள், ஆவதற்கான பரீட்சைகளில் சிஎஸ்1, சிஎம்1 இரண்டும் பாஸ், கணக்கில் புலி. எனக்கு டீ இறங்கவில்லை. நானும் இதையேதான் செய்து தொலைத்தேன். ரெஸ்யூமில் எழுத்துப்பிழை, போட்டோ பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை.

ஒரே கம்பெனிக்கு இரண்டு பேர் வழியாகப் போவது

2017. அப்போது பேப்பர்களுக்கு சிடி1, சிடி3 என்று பெயர், இரண்டும் முடித்திருந்தேன். ஒரு ரெக்ரூட்டர் கூப்பிட்டு "மும்பையில் பெரிய ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனி, ரிசர்விங் டீம்" என்றார், அதாவது க்ளெய்ம்களுக்கு எவ்வளவு பணம் ஒதுக்கி வைப்பது என்று கணக்கு போடும் டீம். பெயரைக் கூடக் கேட்காமல் அனுப்புங்க சார் என்றேன். நாலு நாள் கழித்து இன்னொருவர், "மோட்டார் க்ளெய்ம், ஐபிஎன்ஆர் கணக்கு, மும்பை." (ஐபிஎன்ஆர் என்றால் விபத்து நடந்தும் இன்னும் கம்பெனிக்குத் தெரிய வராத க்ளெய்ம்.) அதற்கும் சரி. இரண்டும் ஒரே நாற்காலி என்பது மூன்று வாரம் கழித்து வந்த இரண்டு வரி மெயிலில்தான் தெரிந்தது: இரண்டு ஏஜென்சி வழியாக வந்திருப்பதால் பரிசீலிக்க இயலாது.

ஆளைச் சேர்த்துவிட்டதற்கு ரெக்ரூட்டருக்குக் கட்டணம் தருவது கம்பெனி, பெரும்பாலும் வருடச் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று. ஒரே ஆளை இரண்டு பேர் அனுப்பினால் அந்தப் பணம் யாருக்கு? காசிமேட்டில் ஒரே கூடை மீனை இரண்டு பேர் ஏலம் விட்டால் என்ன ஆகுமோ அதுதான். சில இடங்களில் முதலில் அனுப்பியவருக்கு என்று முடித்துக்கொள்வார்கள், பல இடங்களில் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று நம் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். நாமே கம்பெனி வெப்சைட்டில் அப்ளை பண்ணிவிட்டு ரெக்ரூட்டரிடம் வாயைத் திறக்காமல் இருப்பதும் இதே கதைதான்.

அதனால் கம்பெனி பெயர் சொல்லாமல் ரெஸ்யூம் போகக்கூடாது. "என்னைக் கேட்காமல் எங்கேயும் அனுப்ப வேண்டாம்" என்று மெயிலில் எழுதிவிடுங்கள், போனில் சொன்னது காற்றோடு போய்விடும். எக்செல்லில் மூன்றே பத்தி (column) போதும்: கம்பெனி, யார் வழியாக, தேதி. லாஸ் டிரையாங்கிள் (க்ளெய்ம் வருடாவருடம் எப்படி வளர்கிறது என்று காட்டும் முக்கோண அட்டவணை) போடத் தெரிந்தவனுக்கு இதைப் போட சோம்பேறித்தனம் என்றால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

பேப்பர் கணக்கில் பொய்

எழுதியது வேறு, பாஸானது வேறு. ரிசல்ட் ஷீட் கேட்பார்கள்.

ஊர் மாற முடியாது என்பதைக் கடைசியில் சொல்வது

வேலை நிறைய மும்பை, குர்கான், பெங்களூரு பக்கம். "வியாசர்பாடியை விட்டு அம்மா அனுப்ப மாட்டாங்க" என்பதை ஆஃபர் வந்த பிறகு சொன்னால் அந்த ரெக்ரூட்டர் அடுத்த தடவை உங்கள் போனை எடுக்கமாட்டார். இந்தத் துறைக்கென்றே இருக்கும் ரெக்ரூட்டர்கள் கொஞ்சம் பேர்தான்.

ரெக்ரூட்டர் உங்களிடம் காசு கேட்டால்

எழுந்து வந்துவிடுங்கள்.

பையன் அங்கேயே நாலு பேருக்கும் மெசேஜ் போட்டான். டீ ஆறுவதற்குள் ஒருவரிடமிருந்து பதில்: நேற்றே மூன்று இடத்துக்கு அனுப்பியாச்சு தம்பி.